மாத ஊசியும் இல்லறமும்

மனநோய்க்கு மருந்து உட்கொள்ளும் ஒருவர், நன்றாகத் தேறி, வேலைக்குத் திரும்பி, வீட்டாருடைய மனமும் குளிர்ந்திருக்கும் சமயத்தில் திடீரென்று மருந்தை நிறுத்திவிடுவாரானால், அதற்கு மறதியையோ அலட்சியத்தையோ காரணமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவது எங்கள் தொழிலில் வெகு சுலபம். ஆனால், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் மருத்துவ உதவியாளனாக நெடுங்காலம் ஊசி போட்டும், மாத்திரை எடுத்துக் கொடுத்தும், வீடு தேடிச் சென்று விசாரித்தும் வந்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. அவ்வாறு நிறுத்தியவர்களுள் கணிசமானோர், படுக்கையறையில் நேர்ந்த ஒரு தோல்வியை யாரிடமும் சொல்ல மாட்டாமல், அதற்கு மருந்துதான் காரணம் என்று தாங்களாகவே ஊகித்து, தாங்களாகவே தீர்ப்பும் எழுதிக்கொண்டவர்கள்.

தஞ்சோங் மாலிம் பேராக் மாநிலத்தின் தென்கோடி. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர்த் தோட்டமாக இருந்த பூமி செம்பனையாகவும், வீடமைப்புத் திட்டங்களாகவும், கார்த் தொழிற்சாலையாகவும் உருமாறிவிட்டதெனினும், லயத்து வீடுகளிலிருந்து டவுனுக்குக் குடிபெயர்ந்த நம் மக்கள் இன்றும் என் போன்றவர்களை ‘டிரஸ்ஸர் ஐயா’ என்றே அழைக்கிறார்கள். தோட்டத்து டிரஸ்ஸரிடம் காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் போன பழக்கத்தில், டாக்டரிடம் சொல்லக் கூசுவதை இவரிடம் சொல்லிவிடலாம் என்ற ஓர் உரிமை அந்த அழைப்பில் உண்டு. அந்த உரிமையும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாசலோடு நின்றுவிடுகிறது.

எங்கள் பெற்றோர் காலத்தில் மனநோய் என்றால் நினைவுக்கு வந்த ஊர் ஒன்றே: தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்கு அருகில் 1911ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்ற பெயரோடு விளங்கும் அவ்விடத்துக்குப் போனவர் திரும்பி வருவது அபூர்வம் என்றே தோட்டங்களில் நம்பினார்கள். வீட்டையும் துணையையும் விட்டுப் பிரிந்து கிடந்த அந்த வாழ்க்கையில் தாம்பத்தியத்தைப் பற்றிய கேள்விக்கே இடமில்லை. 1950 டிசம்பரில் பிரான்ஸ் தேசத்து ரோன் பூலாங்க் நிறுவனத்தின் ரசாயன அறிஞர் பால் ஷார்பாந்தியே குளோர்புரோமசின் என்னும் பொருளை உருவாக்க, 1952இல் பாரிஸ் நகரத்துச் சேன்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேயும் பியர் டெனிகரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலன் உலகமெங்கும் பரவிய பின்புதான், வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டுக்கொண்டு பிழைப்பைப் பார்க்கலாம் என்ற நிலை பிறந்தது. ஆகவே, இந்த வகை ஔஷதங்களே நோயாளியை அவருடைய துணையிடம் மீட்டுக் கொடுத்தன. மீட்டுக் கொடுத்த அதே ஔஷதங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து நிற்கவும் செய்கின்றன. முதல் விளைவுக்காக மகிழ்கிற நாம், இரண்டாவதைப் பற்றிப் பேசும் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும்.

மக்கள் ‘மாச ஊசி’ என்று சொல்வது புளுபெனசின் டெக்கனோயேட் போன்ற மருந்துகளை. அது நல்லெண்ணெயில் கரைத்த மருந்து என்று சொன்னால் வியக்காதவர் இல்லை. எண்ணெயின் பிசுபிசுப்புக்குச் சற்றுப் பருமனான ஊசி வேண்டும். புட்டத்துத் தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, தசையின் ஆழத்தில் செலுத்தி, சற்றே தாமதித்து ஊசியை எடுத்த பின் தோலை விட்டால், எண்ணெய் கசிந்து வெளியே வராமல் உள்ளே தங்கி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுக இரத்தத்தில் கலக்கும். இந்தத் தாமதமே அதன் சிறப்பு. வேண்டாத விளைவு ஒன்று தோன்றினால் இந்தத் தாமதமே சங்கடமும் ஆகிறது, ஏனெனில் மாத்திரையைப் போல இன்று நிறுத்தினால் சில நாட்களில் வெளியேறுவதன்று அது.

இனி, இந்த மருந்து மூளையில் என்ன செய்கிறது என்பது. இதைப் படிப்பில்லாதவருக்கும் நான் சொல்லாமல் விடுவதில்லை; தமக்கு நேர்ந்ததை முன்வினையென்றும், செய்வினையென்றும், ஆண்மையே போய்விட்டதென்றும் எண்ணிக் குமைகிறவர், மருந்து நடக்கும் வழி தெரிந்த மாத்திரத்தில் வாய் திறப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

இந்த ஞானத்தின் ஒரு கிளை இந்திய மூலிகையிலிருந்து முளைத்தது. சர்ப்பகந்தி என்னும் வேரைப் பற்றி, உன்மத்தத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய இந்திய மருந்து என்று 1931இல் கல்கத்தாவின் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். அதன் சத்தாகிய ரிசர்பின் 1952இல் பிரித்தெடுக்கப்பட்டது. ரிசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு டோபமினின் மூலப்பொருளைச் செலுத்தி மீண்டும் எழுந்து நடக்கச் செய்த ஸ்வீடன் தேசத்து அர்விட் கார்ல்சன், டோபமின் என்பது மூளையில் தனியாக வேலை செய்யும் தூதுப்பொருள் என்று 1950களின் பிற்பகுதியில் நிறுவினார். மனநோய் மருந்துகள் அந்தத் தூதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளை மறித்துக்கொள்கின்றன என்ற கருத்தை 1963இல் மார்கிட் லிண்ட்குவிஸ்டுடன் சேர்ந்து முன்வைத்தவரும் அவரே; 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

பேராங் பக்கத்து முதியவர் ஒருவருக்கு இதை நான் சொன்ன விதம் இது. டோபமின் ஓர் ஆறு. அது மூளைக்குள் நான்கு வாய்க்கால்களாகப் பிரிகிறது. ஒன்றில் வெள்ளம் பெருகும்போது காதில் குரல் கேட்கிறது, அண்டை வீட்டான் கொல்ல வருகிறான் என்று தோன்றுகிறது. இன்னொன்று கைகால் அசைவுக்கு. மற்றொன்று சிந்தனைக்கும் ஊக்கத்துக்கும். நான்காவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கு. நாங்கள் தரும் மருந்துக்கு முதல் வாய்க்காலை மாத்திரம் தேடிப்பிடித்து அடைக்கத் தெரியாது. தலைமதகை இறக்கினால் நான்கிலும் தண்ணீர் குறைகிறது. இரண்டாவது வறண்டால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். நான்காவது வறண்டால் புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் கட்டவிழ்ந்து பெருகும். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப மதகக் கொஞ்சமா இறக்கக் கூடாதா, ஐயா?” என்று கேட்டார்.

விஞ்ஞானிகள் கேட்டதும் அதே கேள்விதான். டொரொன்டோவில் ஷிதிஜ் கபூர் என்பவரும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஹாலோபெரிடால் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, டோபமினைப் பெறும் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவிகிதம் மறிக்கப்பட்டால் நோய் தணியத் தொடங்குவதும், 72 சதவிகிதத்தைத் தாண்டினால் புரோலாக்டின் உயர்வதும், 78ஐத் தாண்டினால் நடுக்கமும் உடல் விறைப்பும் தோன்றுவதும் தெரிந்தன. நன்மைக்கும் தொல்லைக்கும் இடையிலுள்ள இடைவெளி எத்தனை குறுகியது! நோயாளி கூச்சலிடாமல் இருக்கிறார் என்பதற்காக அதிக அளவை அப்படியே தொடர்வது சிகிச்சையாகாது என்பதே என் அபிப்பிராயம்.

புரோலாக்டின், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் செய்வதற்கென்று இயற்கை வைத்த பொருள். அது காரணமின்றி ஏறி நின்றால், இனப்பெருக்கச் சுரப்பிகளுக்கு மூளையிலிருந்து செல்லும் ஆணைகள் மங்கிப்போய், ஆடவரிடத்தில் டெஸ்டோஸ்டிரோனும் ஸ்திரீகளிடத்தில் ஈஸ்ட்ரோஜனும் குறைகின்றன. இச்சை தணிகிறது, விறைப்பு தளர்கிறது, நெடுநாள் நீடித்தால் எலும்பும் வலுவிழக்கிறது. ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவை இதை அதிகமாக ஏற்றுபவை; குவெட்டியாபின், குளோசபின் அவ்வளவாக ஏற்றுவதில்லை; அரிபிபிரசோல் ஏற்பியை முழுவதும் மறிக்காமல் பாதி திறந்தும் வைப்பதால் சிலருக்குப் புரோலாக்டினை இறக்கவும் செய்கிறது.

புரோலாக்டின் மீதே எல்லாப் பழியையும் போட்டுவிடுவதும் நியாயமன்று. இம்மருந்துகளிற் சில, இரத்தக் குழாய்களையும் விந்து வெளிப்படும் வழியையும் ஆளும் ஆல்பா ஏற்பிகளையும் மறிக்கின்றன. சில தூக்கத்தையும் பசியையும் கூட்டி உடம்பைப் பருக்கச் செய்து சர்க்கரை வியாதிக்குக் கதவைத் திறக்கின்றன. அவ்வியாதி நம் சமூகத்தை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதும், அது நரம்பையும் குழாயையும் கெடுத்து விறைப்பைப் பாதிப்பதும் தெரிந்ததே. மனநோயே இச்சையை வாட்டுவதும் உண்டு. ஆல்பா ஏற்பி மறிக்கப்பட்ட ஒருவருக்கு உச்சம் வரும், விந்து வராது. அது முன்னோக்கி வராமல் மூத்திரப்பையில் போய்ச் சேருகிறது. முற்காலத்தில் பெரிதும் வழங்கிய தயோரிடசினில் இது மிகுதி. மேனாட்டான் இதை ஓர் அசௌகரியமாக மட்டும் எண்ணக்கூடும். விந்துவைச் சரீரத்தின் சாரமென்று கேட்டு வளர்ந்த நம் ஆடவனோ, தாது முழுவதும் வற்றி உயிரே இறங்கிவிட்டதாக நடுங்குகிறான். இந்தப் பயம் இந்தியர்களிடையே எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு, 1960இல் என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் இதற்கு ‘தாது’ என்ற சொல்லை வைத்தே ஒரு நோய்ப்பெயர் சூட்டியதே சாட்சி. “ஒன்றும் வற்றவில்லை, அண்ணே, வழி மாறிப் போகிறது, சிறுநீரோடு கலந்து போய்விடும், தீங்கில்லை” என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் பலர்.

பெண்களின் துன்பத்துக்குச் சொல்லே கிடைப்பதில்லை. மாதவிலக்கு நின்றுவிடும்; மார்பில் பால்போலக் கசியும். மாமியார், “என்னம்மா, ஏதும் விசேஷமா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டு, கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, பிறகு பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றானதும் அந்த ஏமாற்றம் முழுவதும் மருமகள் தலையில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் என் கூடப் பணிபுரியும் நர்ஸ் அக்காதான் பேசுவார். நான் அங்கே இருக்கக் கூடாது. புருஷனுக்கு என்னவாயிற்று என்று அக்கறையோடு கேட்கும் உலகம், ஸ்திரீக்கும் இச்சையும் இன்பமும் உண்டென்பதையும், அவையும் மருந்தால் மங்கும் என்பதையும் கேட்பதே இல்லை. இன்னொன்றையும் நர்ஸ் அக்கா தவறாமல் எச்சரிப்பார்: புரோலாக்டின் ஏற்றாத மருந்துக்கு மாற்றியதும் கருமுட்டை மீண்டும் பக்குவப்படத் தொடங்குமாதலால், மாதவிலக்கு திரும்புமுன்பே கூடக் கர்ப்பம் தரிக்கலாம், பிள்ளை இப்போது வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கென்று ஒரு முறை உண்டு. “பிரச்சினை ஏதும் உண்டா?” என்று பொதுப்படையாகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்றே சொல்வார்கள், நேராகவும் குறிப்பாகவும் கேட்டால் வெளிவரும் எண்ணிக்கை பன்மடங்காகிறது என்று உலகத்து ஆய்வுகளும் சொல்கின்றன. தாயோ அண்ணனோ பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, ஊசி போட்டு முடிந்து அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கையில், “இந்த மருந்து சாப்பிடும் பலருக்கு வீட்டுக்காரியோடு இருப்பதில் சிரமம் வருகிறது, அது மருந்தின் வேலை, மனிதரின் குறையன்று, உங்களுக்கு எப்படி?” என்று கேட்கிறேன். மணமாகாதவரிடம் வேறு விதமாகக் கேட்பேன். அவருக்கும் காலையில் விறைப்பு உண்டா என்பது முக்கியம், எதிர்காலத்தைப் பற்றிய கவலையும் முக்கியம்.

சொன்னபின் செய்யத்தக்கவை இல்லாமல் இல்லை. அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, அரிபிபிரசோலைச் சேர்ப்பது ஆகியவற்றை டாக்டர் நிதானமாகத் தீர்மானிக்கலாம்; புரோலாக்டினை இரத்தத்தில் அளந்து பார்க்கலாம்; அது மிகவும் உயர்ந்து நின்றால் பிட்யூட்டரியைப் படம் எடுக்கலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இம்மருந்துகளால் விறைப்பிழந்த, மணமான 32 ஆடவர்களுக்கு, விறைப்பை மீட்கும் மருந்தாகிய சில்டெனாபிலையும் வெற்று மாத்திரையையும் யாருக்கு எது என்று தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்து ஆராய்ந்து, சில்டெனாபில் கண்கூடாகப் பயன்பட்டதை 2006இல் வெளியிட்டார்கள். நம்மவர்களிடத்திலேயே நடந்த ஆராய்ச்சியாதலால் இதை நான் பெருமையோடு சொல்வேன். அந்தக் குடும்பஸ்தர்கள் கூச்சத்தை விட்டு வாய் திறந்ததால் அல்லவா அப்படியொரு விடை கிடைத்தது!

ஆனால் அந்த மருந்தை டாக்டர் சீட்டில்லாமல் வாங்குவது ஆபத்து. இதய வலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவருக்கு அது விஷத்துக்குச் சமம். மனநோய் மருந்துகளிற் சிலவற்றோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். சீட்டில்லாமல் கிடைக்கும் தொங்காட் அலி காப்பிப் பாக்கெட்டுகளை நம்பிப் போகிறவர்களையும் எச்சரிக்கிறேன். அத்தகைய பாக்கெட்டுகளில் சில்டெனாபிலையே ரகசியமாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, விறைப்பு வலியோடு அடங்காமல் 4 மணி நேரத்தைத் தாண்டினால், அது மனநோய் மருந்துகளால் அபூர்வமாக நேரும் ஆபத்து. விடியட்டும் என்று காத்திராமல் சிலிம் ரிவர் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும், வெட்கப்பட்டுத் தாமதித்தால் உறுப்பே நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம் என்பதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தினால் இச்சை திரும்பலாம். குரல்களும் திரும்பும், அதோடு வேலை போகும், சில வேளை மனைவியும் தாய்வீடு போவாள். ஆகையால் என்னிடம் பயிற்சிக்கு வரும் இளைஞர்களை, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முறையும் விசாரித்து, கார்டில் ஒரே வரிசையில் எழுதச் சொல்கிறேன்: எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, கைநடுக்கம், மாதவிலக்கு, தாம்பத்தியம்.