நியூட்ரல் கம்பியின் சூடு

சென்னை ரிச்சி தெருவில் 'எஸ்எம்பிஎஸ் ரிப்பேர்' என்று கேட்டால் டீ கொண்டு போகிற பையன்கூட எந்த மாடிப்படி என்று கை காட்டிவிடுவான். 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை வாங்கி 12 வோல்ட் டிசியாக மாற்றித் தரும் பெட்டிக்கு அங்கே அதுதான் பெயர். கம்ப்யூட்டர், சிசிடிவி, எல்இடி போர்டு என்று எதைத் திறந்தாலும் ஒரு மூலையில் அது இருக்கும். 2022 கோடையில் நான் அங்கே போனதற்குக் காரணம், பிட்காயின் மைனிங் மெஷின்களின் எஸ்எம்பிஎஸ்களும் அந்தத் தெருவுக்கு வைத்தியத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டதுதான். அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பி, கேபிள் சுருள்களுக்கும் மீன்பாடி வண்டிகளுக்கும் நடுவே நடந்து, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். டியூப் டிவி காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். அவருக்கு உதவியாக ஐடிஐ முடித்த பையன் ஒருவன். மேஜையில் கிடந்த பெட்டி ஆண்ட்மைனர் எஸ்9 என்ற மெஷினுடையது. 2016இல் வந்த மாடல் அது. மூன்று ஹாஷ் போர்டுகள், போர்டுக்கு 63 சிப், மொத்தம் 189 சிப்புகள் இரவு பகலாக ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். அதற்கு 1,300 வாட்டுக்கும் மேல் வேண்டும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 32 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த ஒரு மெஷின் மூன்று நாளைக்குச் சற்று மேல் ஓடியே தீர்த்துவிடும்.

பாய் உடனே பிளக்கைச் சொருகவில்லை. முதலில் பெட்டியின் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்தார். "வாசம் பாருங்க மேடம். மாஸ்ஃபெட் போயிருந்தா ஒரு வாசம், டிரான்ஸ்ஃபார்மர் வார்னிஷ் கருகியிருந்தா ஒரு வாசம். இதுல ஒண்ணுமே இல்ல" என்றார். அதன் பிறகு பிளக் பின்னைத் திருப்பிப் பார்த்தார். பித்தளை நிறம் மங்கி நீலமேறியிருந்தது. "இது ஆறு ஆம்பியர் பிளக். கம்ப்யூட்டர் ஒயரை எடுத்து மாட்டியிருக்காங்க. மெஷின் கிட்டத்தட்ட ஆறு இழுக்குது. வீட்ல அயர்ன் பாக்ஸ் கால் மணி நேரம் ஓடும், நிக்கும். இது நிக்கவே நிக்காதே" என்றார். மைனிங் மெஷினின் தொல்லை முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. விட்டுவிட்டு ஓடும் சாதனங்களை மனதில் வைத்துப் போட்ட பிளக்கும் ஒயரும் ஸ்க்ரூவும் இங்கே ஓய்வே இல்லாமல் சுமக்கின்றன.

அடுத்து சீரிஸ் லேம்ப். ஒரு பலகை, அதில் ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, பக்கத்தில் சாக்கெட். மின்சாரம் பல்பு வழியாகத்தான் பெட்டிக்குள் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஃபியூஸும் போகாது, வேறெதுவும் வெடிக்காது. ஷார்ட் இல்லையென்றால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும்வரை ஒரு கணம் மின்னிவிட்டு மங்கிவிடும். இந்தப் பெட்டிக்கு மின்னி மங்கியது. எத்தனையோ ஆயிரம் ரூபாய் பெறும் மீட்டர்கள் அந்த மேஜையில் இருந்தன. முதல் தீர்ப்பைச் சொன்னது பல்புதான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் அளவுக்கு டிசி தங்கியிருக்கும். பையன் மூடியைத் திறந்ததும் பாய் கேட்டார்: "இறக்கிட்டியா?" பல்பு ஒன்றை அதன் இரு முனையிலும் வைத்து இறக்கியதாகச் சொன்னான். "மீட்டர்ல ஜீரோ பாத்தியா? கண்ணால பாத்தியா?" மீட்டரை வைத்துக் காட்டிய பிறகுதான் கைவைக்க விட்டார். அவருடைய கட்டைவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. வேலை பழகிய நாட்களில் வாங்கியது. அது எப்படி வந்தது என்பதைப் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார் ஹெட்லைட்டில் போடும் 12 வோல்ட் ஹாலஜன் பல்புகளை ஒரு தகரத்தில் வரிசையாகப் பொருத்தி வைத்திருந்தார். எஸ்எம்பிஎஸ்ஸின் வெளி ஒயர்களை அதில் மாட்டினால் ஒரு மெஷின் இழுக்கும் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அறை பகலிலும் கூசியது. மீட்டர் 12க்குக் கீழே ஒரு புள்ளி மட்டும் இறங்கி அப்படியே நின்றது. அரை மணி நேரம் எரியவிட்டும் அசையவில்லை. "பெட்டி நல்லாத்தான் இருக்கு. இங்க ஓடுது, அங்க நிக்குதுன்னா தப்பு அங்கதான்" என்று பாய் மூடியைப் பூட்டினார். இதற்கு அவர் காசு வாங்கவில்லை. "பார்ட்ஸ் மாத்தாம காசு கேட்டா கஸ்டமர் ஏமாத்தறோம்னு நினைப்பாங்க மேடம்" என்றார். அரை நாள் வேலை அது.

'அங்கே' என்பது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பழைய லேத் பட்டறை. உரிமையாளர் லேத் மெஷின்களை அகற்றிவிட்டுப் பன்னிரண்டு எஸ்9களை அடுக்கியிருந்தார். மதியத்தில் வரிசையாகச் சில மெஷின்கள் நின்று தாமாகவே மறுபடி தொடங்கும். லாகில் 'ஹாஷ் போர்டு காணவில்லை' என்று வரும். அதை நம்பிப் போர்டுகளைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினார். 'பழுதில்லை' என்று திரும்பி வந்தன. பிறகு எஸ்எம்பிஎஸ் பாயிடம் வந்தது. அதுவும் நல்லதென்று தெரிந்ததும், பாய் தனக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவரை அனுப்பினார். கூடவே பையனும் நானும் போனோம்.

உள்ளே நுழைந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. பையன் மெஷின் பக்கம் போனான். ஒவ்வொரு ஹாஷ் போர்டுக்கும் மூன்று ஆறு-பின் கனெக்டர்கள். கனெக்டருக்கு மூன்று 12 வோல்ட் ஒயர், ஆக ஒன்பது. போர்டு இழுக்கும் ஏறக்குறைய 34 ஆம்பியரை ஒன்பது ஒயரும் பங்கு போட்டால் ஆளுக்கு நான்குக்கும் குறைவு. ஒரு கனெக்டர் சரியாக அமராவிட்டால் மீதி ஆறு ஒயர்கள் சுமக்க வேண்டும். கரண்ட் ஒன்றரை மடங்கு ஆகும். சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால் இரண்டே கால் மடங்கு ஆகும். பின்னின் ஸ்பிரிங் தளர்ந்து, பிடி விட்டு, இன்னும் சூடேறும். இரண்டு கனெக்டர்கள் பழுப்பேறியிருந்ததை அவன் வெட்டி மாற்றினான். ஒரு போர்டுக்கு இரண்டு வேறு எஸ்எம்பிஎஸ்களிலிருந்து ஒயர் கொடுத்திருந்ததையும் கண்டுபிடித்துப் பிரித்தான். அது கூடவே கூடாது; இரண்டு பெட்டிகளின் 12 வோல்ட்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது, ஒன்றோடொன்று மோதும். ஆனால் பல மெஷின்கள் ஒரே நேரத்தில் நிற்பதற்கு இவை காரணமாக முடியாது என்று அவனே சொன்னான்.

வயர்மேன் அறுபதை நெருங்கியவர். அந்தத் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலேயே வாழ்க்கை ஓட்டியவர். பலகையைத் திறப்பதற்கு முன் வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தார். எப்போது நிற்கிறது, நிற்பதற்கு முன் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். வாட்ச்மேன், "என் பல்பு திடீர்னு பளிச்சுனு எரியும்ணே. உடனே உள்ள சத்தம் அடங்கும்" என்றார். அவருடைய மூலையில் ஒரு குண்டு பல்பு தொங்கியது. அதுவரை வந்து போன எந்த மெக்கானிக்கும் அவரிடம் கேட்டதில்லை. வயர்மேனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "நியூட்ரல்" என்றார்.

மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸும் தன் சுமையைத் தாண்டி நியூட்ரலுக்கு வருகிறது. மூன்றிலும் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் பெரிதாக ஒன்றும் ஓடாது. இங்கே ஒரு ஃபேஸில் ஆறு மெஷின், இன்னொன்றில் மூன்று, மற்றொன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன்களும் வாட்ச்மேனின் பல்பும். மீதி மெஷின்கள் அன்று அணைந்து கிடந்தன. டாங் டெஸ்டரை நியூட்ரலில் மாட்டினால் 27 ஆம்பியர். நியூட்ரல் இணைப்பு ஒரு கணம் விட்டாலும் சுமை அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் விழும், சுமை குறைந்த ஃபேஸில் எகிறும். மெஷின் நிற்பதும் பல்பு பளிச்சிடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர் அரைக்கண் சிமிட்டும் நேரம்தான் தாங்கும். அதற்கு மேல் வெட்டு நீண்டால் 12 வோல்ட் சரியும், போர்டு காணாமல் போகும்.

"நின்ன பிறகு வந்து பாத்தா எல்லாம் 230 காட்டும். ஓடும்போதுதான் பாக்கணும்" என்றார் அவர். நின்றதும் கரண்ட் குறைகிறது; குறைந்ததும் இணைப்பு ஆறி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இத்தனை பேர் அளந்தும் அகப்படவில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, ரப்பர் பாயில் நின்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தார். ஒன்றிரண்டு வோல்ட்டில் நிற்க வேண்டிய எண் நிலைகொள்ளாமல் துள்ளியது. பலகைக்குள்ளிருந்து மெல்லிய சொரசொரப்புச் சத்தம் எங்களுக்கும் கேட்டது.

மெயினை இறக்கினார். ஃபியூஸ் கேரியர்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டெஸ்ட் லேம்ப்பால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே நியூட்ரல் லிங்க்கைக் கழற்றினார். லக்கு போடாமல், பல இழைக் கம்பியை முறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் திணித்திருந்தார்கள். பாதி இழைகள் வெளியே நின்றன. செம்பு கறுத்திருந்தது, லிங்க்கின் பிளாஸ்டிக் இளகியிருந்தது. அந்த இடத்தில் 0.05 ஓம் தடை மட்டும் இருந்தாலே 27 ஆம்பியரில் 36 வாட் சூடு பிறக்கும். பாயின் மேஜையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றை அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இரவு பகலாகச் சொருகி வைத்தது போலத்தான் அது. மெஷின் நின்றதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். அந்தக் கூரை தீப்பிடிக்காமல் தப்பியதே பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றியது.

கருகிய நுனியை வெட்டி, லக்கு கிரிம்ப் செய்து, புது லிங்க் போட்டு, மெஷின்களை ஃபேஸுக்கு நான்காகப் பிரித்தார். எல்லாம் ஓடத் தொடங்கியதும் நியூட்ரலில் மீட்டர் 4 ஆம்பியர் காட்டியது. போகும் முன் இன்னொன்றையும் பார்த்தார். கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபியைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸும் தன் ஃபில்டர் வழியாக எர்த்துக்கு ஓரிரு மில்லி ஆம்பியர் கசியவிடும். அது பழுதல்ல, அமைப்பு. பன்னிரண்டும் சேரும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடிக்கடி விழும். அதற்காக உயிர் காக்கும் சாதனத்தையே விலக்கி வைத்திருந்தார்கள். நான்கு மெஷினுக்கு ஒன்றாகத் தனித்தனி ஆர்சிசிபி போட்டால் தீர்ந்தது. எர்த் குழி காய்ந்து கிடந்ததால் மெஷின் உடலில் டெஸ்டர் எரிந்தது; வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவரே ஊற்றினார்.

கூலியைச் சொன்னதும் உரிமையாளர், "ஒரு ஸ்க்ரூவை முடுக்கினதுக்கா?" என்றார். நல்ல போர்டுகளைக் கூரியரில் அனுப்பி எடுத்த செலவுக்கு முகம் சுளிக்காதவர் அவர். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, மைனிங் கருவிகளின் செலவைக் கழிக்கவும் முடியாது, எங்கே சிக்கனம் பிடிப்பது என்று என்னிடம் குறைபட்டார். வரி உண்மைதான். ஆனால் சிக்கனம் பிடிக்க லக்கையும் எர்த்தையும் தேர்ந்தெடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் பணத்தைக் கொடுத்தார். வயர்மேன் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, "மாசம் ஒரு தடவை ஓடும்போது கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ தன் முறையை மாற்றிக்கொண்டதும் கிராபிக்ஸ் கார்டுகளால் அதை மைனிங் செய்வது நின்றது. பிறகு பாயின் பட்டறைக்குப் போனபோது, பிரித்த கிராபிக்ஸ் கார்டு ரிக்குகளின் ஒயர்கள் மூட்டையாகக் கிடந்தன. உருகிய சாட்டா கனெக்டர்களைப் பையன் பொறுக்கிக் காட்டினான். அந்தக் கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து 54 வாட் தாங்கும். கார்டோ, இந்த ஒயரால் மின்சாரம் பெறும் ஸ்லாட் வழியாக 66 வாட் வரை இழுக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸோடு இலவசமாக வந்த ஒயர் என்பதால் மாட்டியிருக்கிறார்கள். வேறு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிளை, துளையில் பொருந்துகிறது என்பதற்காக மாட்டி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 வோல்ட் போன ஹார்ட் டிஸ்க்குகளும் அதே மூட்டையில் இருந்தன.

இதைப் படிப்பவர்களில் மைனிங் மெஷின் வைத்திருப்போர் சிலரே இருப்பீர்கள். அவர்களுக்கு ஒன்று: வீட்டு இணைப்பில் இந்தச் சுமையை ஓட்டாதீர்கள், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின்படி அது அங்கீகாரமற்ற பயன்பாடு. மற்றவர்களின் வீட்டிலும் இரவெல்லாம் ஓடும் ஏசி இருக்கிறது, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜர் வந்துவிட்டது. கோடைக்கு முன் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மெயினை இறக்கி நியூட்ரல் லிங்க்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எதையும் மாற்றாமல் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மட்டும் போனாலும் அவருக்கு முழுக் கூலியைக் கொடுங்கள்.