நிறுத்தும் தேதி இல்லாத சீட்டு

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் கன்னத்தில் மங்கு விழுந்தது. மாமியார் ஜாதிக்காயை உரைத்துப் போடச் சொன்னார். போட்டும் மறையவில்லை. மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். ஒரு சின்ன ட்யூப் எழுதிக் கொடுத்து, "ராத்திரி மட்டும் போடுங்க" என்றார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை, சீட்டிலும் எழுதவில்லை.

சில வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்கு என்ன போடுகிறேன் என்று விசாரித்தார்கள். மறுபடி காட்டப் போனபோது மருத்துவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே, அதையே போடுங்க" என்றார். ட்யூப் தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டை நீட்டுவேன். பிறகு சீட்டுக்கும் வேலை இல்லாமல் போனது. என்னைக் கண்டதுமே கடைப் பையன் ட்யூபை எடுத்து வைத்துவிடுவான்.

ஒருமுறை கடையில் ஸ்டாக் இல்லை. அப்போதுதான் தொடங்கியது. கன்னம் முழுக்கத் தீயாய் எரிந்தது. குழாயைத் திறந்து வெறும் தண்ணீர் அள்ளி விட்டாலும் எரிச்சல். வரமிளகாய் வறுக்க அடுப்படியில் நிற்க முடியவில்லை. மூக்கோரத்தில் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பின. ட்யூப் கிடைத்துப் போட்டதும் அன்று இரவே அடங்கிவிட்டது. அடங்கியதுதான் கொடுமை. அதுவே மருந்து என்று நம்ப வைத்துவிட்டது.

பிறகு ஒருநாள் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ஸ்டீராய்டு போட்டுப் போட்டுத் தோல் மெலிஞ்சு போச்சும்மா. உள்ள இருக்கிற ரத்தக்குழாயெல்லாம் வெளியே தெரியுது" என்றார். அந்த ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

நான் வேதியியல் ஆசிரியை. தேடிப் படித்தேன். என் ட்யூபில் இருந்தவை மூன்று: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். கடைசியாகச் சொன்னதுதான் ஸ்டீராய்டு. அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைக்கும். முகம் வெளுப்பாகத் தெரியும். மாதக்கணக்கில் போட்டால் கொலாஜன் குறைந்து தோல் மெலியும். நிறுத்தினால் சுருங்கிக் கிடந்த குழாய்கள் விரிந்து முகம் சிவந்து எரியும். இப்படி ஸ்டீராய்டையும் சேர்த்து மூன்று மருந்தைக் கலக்கும் முறையை 1975-இல் அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வெளியிட்டார்கள். முகத்தில் ஸ்டீராய்டு போடுவதால் வரும் சிவப்பையும் கொப்புளத்தையும் பற்றி அதற்கு முந்தைய ஆண்டே ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் அதே கிளிக்மன். இந்தக் கேடு 1974-இலேயே தெரிந்த ஒன்று! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் நாட்டிலும் தெரியாமல் இல்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்தில் தோல் பிரச்சினையோடு பல ஊர் மருத்துவமனைகளுக்கு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ட்யூபை நிறுத்தியபின் நான் பட்டதைச் சொல்லி மாளாது. முகம் வீங்கி, தோல் உரிந்து, முன்பைவிடக் கருத்து மங்கும் திரும்பி வந்தது. கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். "என்னடி முகம் இப்படி வெந்து கிடக்கு?" என்று பந்தியில் வைத்தே கேட்பார்கள். பெரியம்மா ஒருவர் கடலைமாவைக் கையில் குழைத்துக்கொண்டே வந்துவிட்டார். அன்பால்தான். ஆனால் அந்தத் தோல் எதையும் தாங்காது என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. மூக்கின் இரு பக்கமும் சிவப்பு நூலாய் ஓடும் ரத்தக்குழாய்கள் போகவில்லை. களிம்பால் தாடையோரம் வளர்ந்த முடியும் முழுதாக உதிரவில்லை. பத்து மணி வெயிலில் பேருந்துக்கு நின்றால் இன்றைக்கும் கன்னம் சிவக்கும். குடை, சன்ஸ்கிரீன், பருத்தித் துப்பட்டா என்று வாழப் பழகிவிட்டேன்.

2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. நல்ல விதிதான். ஆனால் என் கதை தொடங்கியதே ஒரு சீட்டில்தான். மருத்துவர்களே, களிம்பின் பெயருக்குப் பக்கத்தில் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்பதையும், என்றைக்கு நிறுத்த வேண்டும் என்ற தேதியையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.