மாதுங்காவில் பந்தி, தாராவியில் அடுப்பு

மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே மாநகராட்சி சந்தைக் கட்டடம். அதன் மாடிப்படியில் மதியமானால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. மேலே இருப்பது ஏ. ராமா நாயக்கின் 'உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்'. பணம் கட்டி, கூப்பன் வாங்கி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலோர இடம்தான் வேண்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த நாற்காலி காலியாகிறதோ அதுதான். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் வங்கி மேலாளராகவும் இருக்கலாம், அவருடைய டிரைவராகவும் இருக்கலாம்.

உட்கார்ந்துவிட்டால் காத்திருப்பே கிடையாது. இலை விழுந்த கையோடு பொரியல், கூட்டு, பூரி, சோறு, சாம்பார், ரசம், மோர் என்று வாளிகள் அணிவகுக்கின்றன. நட்சத்திர ஓட்டலின் குழைவும் கும்பிடும் இங்கே இல்லை. பரிமாறுபவரின் கண் இலையை விட்டு நகர்வதில்லை. எந்த மூலை காலியாகிறது என்பதைக் கேட்காமலே கண்டுகொள்கிறார். குறை இல்லாமலும் இல்லை. வரிசையில் நிற்பவர்களை நினைத்தால் நிதானமாக மெல்ல மனம் வருவதில்லை. தஞ்சாவூர் நாக்கோடு போகிறவர்களுக்குச் சாம்பாரில் எட்டிப்பார்க்கும் உடுப்பி வெல்லத்தை மன்னிக்கக் கொஞ்சம் பழக்கம் தேவை.

இந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு நகரத்தின் கதை இருக்கிறது. 1896ல் பிளேக் நோய் பம்பாயைப் புரட்டிப்போட்ட பிறகு, 1898ல் பம்பாய் அபிவிருத்தி டிரஸ்ட் உருவானது. நெரிசலிலிருந்து விலகி அது திட்டமிட்டு அமைத்த பகுதிகளில் தாதரும் மாதுங்காவும் அடக்கம். அங்கே குமாஸ்தாவாக, ஸ்டெனோவாக, ரயில்வே ஊழியராக வந்து சேர்ந்த தென்னிந்தியர்களில் பலர் பிரம்மச்சாரிகள். அவர்களுக்கு வேலை கிடைத்தது; ரசம் கிடைக்கவில்லை. அந்தப் பசியை நம்பித்தான் கடைகள் முளைத்தன. தென் கன்னடத்திலிருந்து சிறுவனாக வந்த ராமா நாயக் 1936ல் 'கஃபே மைசூர்' தொடங்கினார். 1939ல் 'ராம் ஆஷ்ரய்', 1940ல் 'கஃபே மெட்ராஸ்', 1942ல் நாயக்கின் போர்டிங் என வரிசையாக வந்தன.

பெயர்ப்பலகையில் மெட்ராஸ் இருந்தாலும் கல்லாவில் கேட்பது கொங்கணியோ துளுவோதான். தமிழர்கள் 'நம்ம ஓட்டல்' என்று உரிமை கொண்டாடுவது பெரும்பாலும் உடுப்பிக்காரர்களின் உழைப்பை. பம்பாயும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. 1966ல் சிவசேனை பிறந்து தென்னிந்தியர் எதிர்ப்பு கிளம்பியபோது எல்லோருமே 'மதராஸி'தான். உடுப்பி ஓட்டல்கள் தாக்குதலுக்கு இலக்காயின. இன்று அதே நகரம் குடும்பத்தோடு வரிசையில் நிற்கிறது. குஜராத்தியும் மராத்தியும் பேசுகிறவர்கள் ரசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்குகிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பல செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று நகர்ந்துவிட்டன. பூவும் காபித்தூளும் வாங்க வரும் சாக்கில்தான் அவர்களுக்கும் ஒரு தோசை.

சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957ல் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. இன்று மாதுங்கா கவுன்டரில் கூப்பனுக்குப் பணம் மட்டுமே கேட்கிறார்கள். ஆனாலும் மும்பைத் தமிழரின் உணவு என்றால் பேசப்படுவது மாதுங்கா மட்டும்தான்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சற்று வடக்கே இருக்கிறது தாராவி. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் நிறைந்த இடம். அங்கே பல ஒற்றை அறைகள் இரவில் வீடு, விடியலில் இட்லிப் பட்டறை. மாலையில் மாவு அரைத்து, விடியுமுன் அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆண்கள் கிளம்புகிறார்கள். ரப்பர் ஹார்ன் சத்தம் கேட்டதும் அடுக்குமாடிக் கதவுகள் திறக்கின்றன. மேஜை இல்லை, கூப்பன் இல்லை. சட்னி இன்னும் கொஞ்சம் என்று வாடிக்கையாளர் வாய் திறக்குமுன் கரண்டி நீள்கிறது. மாதுங்கா வாளியின் அதே கவனம்தான்.

இந்த அடுப்புகளுக்கு இப்போது சோதனை. தாராவி சீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட தரைத்தள வீடுகளில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்பது அறிவிப்பு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடி அறைகளில் இருப்போருக்கும் வீடு தாராவிக்கு வெளியே. பலருக்கு இருப்பதைவிட நல்ல சுவர்களும் சொந்தக் கழிப்பறையும் கிடைக்கும்; அது சின்ன விஷயமல்ல. ஆனால் இட்லித் தொழிலின் மூலதனமே தூரம்தான். சூடு ஆறுவதற்குள் சயன், மாட்டுங்கா, தாதர் வாசல்களைச் சைக்கிள் தொட்டாக வேண்டும். நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பப்படும் குடும்பத்துக்கு மாவும் இருக்கும், அடுப்பும் இருக்கும், வாசல்கள் இருக்காது. அடுக்குமாடியின் பத்தாவது தளத்தில் விடியுமுன் நூற்றுக்கணக்கில் இட்லி அவிக்க அனுமதி உண்டா என்பது அடுத்த கேள்வி.

ராமா நாயக் மாடிப்படியில் நிற்பவர்களுக்கு எப்படியும் முறை வந்துவிடும். தாராவியின் சைக்கிள்காரர்கள் நிற்கும் வரிசையில் இன்னும் கூப்பனே கொடுத்து முடியவில்லை.