முகம் அழிந்த பின்

மையித்தை அடக்குமுன் கபனை விலக்கி முகம் காட்டுவது நம் ஊர்களின் வழக்கம். இன்னார்தாம் போனார் என்று வீட்டார் மனம் ஒப்புக்கொள்வது அந்நேரத்தில்தான். அந்த முகமே அழிந்துவிட்டால்? 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுமத்ராவை அடுத்த கடலடியில் உண்டான நிலநடுக்கமும், அது கிளப்பிய ஆழிப்பேரலையும் இக்கேள்வியை ஒரே நாளில் பல நாடுகளின் முன் வைத்தன.

தாய்லாந்தில் மட்டும் இறந்தோர் ஏறத்தாழ 5,400 பேர். அவர்களிற் பாதியளவினர் வெளிநாட்டார். தக்குவாபா ஊரின் யான் யாவ் பௌத்த விகாரம் பிணக்கிடங்காயிற்று. முதலில் உறவினர் முகம் பார்த்தே உடல்களை அடையாளம் சொன்னார்கள். வெப்பத்தில் ஓரிரு நாளிலேயே உடல்கள் வீங்கிக் கறுத்தன. வெள்ளையர் யார், ஆசியர் யார் என்பதுகூடத் தெரியாமற்போயிற்று. சில உடல்கள் தவறான குடும்பத்தாரிடம் போய்ச் சேர்ந்தன. கண்ணீர் நிறைந்த கண் நல்ல சாட்சியன்று.

ஆகவே பல நாட்டு வல்லுநர்கள் புக்கெட்டில் கூடி, இன்டர்போல் வகுத்த முறைக்குத் திரும்பினார்கள். காணாமற்போனவரைப் பற்றி வீட்டார் தரும் செய்திகள் மஞ்சள் படிவத்தில். உடலில் கண்டவை இளஞ்சிவப்புப் படிவத்தில். இரண்டும் பொருந்தினால்தான் பெயர் கிடைக்கும். கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றே முதன்மைச் சான்றுகள். மோதிரமும் சட்டையும் பச்சை குத்தலும் துணைச் சான்றுகளே. மோதிரம் கை மாறக்கூடியதல்லவா?

தொடக்க மாதங்களில் பெரும்பாலோருக்குப் பெயரை மீட்டுத் தந்தது பல்தான். சுவீடனிலோ ஜெர்மனியிலோ ஒரு பல் மருத்துவர் என்றோ எடுத்து வைத்த எக்ஸ்ரே படம் புக்கெட்டுக்கு வந்தது. அடைத்த பல்லும் பிடுங்கிய பல்லும் பேசின. தாய்லாந்து மக்கள் பலருக்கு அத்தகைய ஏடு இல்லை. ஆனால் தேசிய அடையாள அட்டைக்காகப் பதித்த விரல்ரேகை இருந்தது. பல்லும் ரேகையும் கைவிட்ட இடத்தில், எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்துப் பெற்றோர், பிள்ளைகளின் இரத்தத்தோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அதில் பெரிதும் உதவியது சரயேவோவில் இயங்கிய, காணாமற்போனோருக்கான பன்னாட்டு ஆணையம். 1996-இல் தோன்றிய அவ்வமைப்பு, போஸ்னியப் போரின் புதைகுழிகளில் கற்ற தொழில் அது. அங்கே கொல்லப்பட்ட முஸ்லிம்களின் எலும்புகள் இப்படி முன்பின் அறியாத நாட்டாருக்கு உதவின என்பதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கிறது.

எல்லாருக்கும் பெயர் திரும்பவில்லை. பர்மாவிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களுக்குப் பல் ஏடும் இல்லை, ரேகைப் பதிவும் இல்லை. உரிமை கோரி வரவேண்டிய உறவினரோ உரிய தாளின்றிக் காவலருக்கு அஞ்சி ஒதுங்கினர். உயிரோடிருந்தபோது யாரும் பதிந்து வைக்காதவனை இறந்தபின் எந்தக் கலையால் கண்டுபிடிப்பது?

அதே அலைதான் நம் நாகப்பட்டினக் கரையையும் அழித்தது. இங்கே அத்தகைய ஆய்வுக்கு வழியில்லை. நோய் பரவுமென்ற அச்சத்தில் குழி தோண்டி விரைந்து புதைத்தார்கள். நாகூர் தர்காவின் நிலம் எல்லாச் சமயத்தாருக்கும் இடம் கொடுத்தது. பின்னொருநாள் நாம் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு மூதாட்டி தம் மகன் எந்தக் குழியில் என்று அறியாமல் எல்லாவற்றுக்குமாக ஒரே ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்.

தாய்க்கு அது போதலாம். மனைவிக்குப் போதாது. இறப்பு உறுதியானால் 4 மாதம் 10 நாள் இத்தா. அதன்பின் அவள் வழி அவளுக்கு. கணவன் காணாமற்போனவன் என்றாலோ, பழைய ஹனஃபீ தீர்ப்பு அவனொத்த வயதினர் மறையும்வரை காத்திருக்கச் சொல்கிறது. மாலிக்கீ மத்ஹபின் 4 ஆண்டையே 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண விலக்குச் சட்டமும் எடுத்துக்கொண்டது. சொத்துப் பிரிவினைக்கோ, சாட்சியச் சட்டம் 7 ஆண்டு கேட்கிறது. ஒரு பல்லின் படம் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்!

இயற்கைப் பேரழிவில் இறந்தோரின் உடல்களால் பொதுவாகக் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட கையேடு தெளிவாகக் கூறுகிறது. அவசரம் வேண்டாம்; ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண், முகத்தின் படம், உடைமைகளின் குறிப்பு, தனிக் குழி, குழியின் இடம் காட்டும் வரைபடம். சாமானிய மக்கள் தாமே செய்யக்கூடியவை இவை.

நம் ஜமாஅத் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தோம். கபர்ஸ்தானுக்கு வரைபடம் ஒன்று எழுத இசைந்திருக்கிறார்கள். கிழக்குச் சுவர் வரையில் அளந்தாயிற்று. கடற்கரைப் பக்கம் இன்னும் மீதமிருக்கிறது.