ஈரத்தின்மேல் பற்றாத பூச்சு



உடைந்த பீங்கானை ஒட்ட அரால்டைட் வாங்கியிருப்பீர்கள். இரு குழாய்களிலிருந்து சம அளவு பிதுக்கிக் குழைக்கிறோமே, அதுவே எபாக்ஸிப் பிசின். அதன் பெரும்பணியைக் காண விரும்பினால் எங்கள் கடற்கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், தமிழகக் கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை கண்ணாடியிழைப் படகுகள். மக்கள் வழக்கில் 'பைபர் போட்டு'. அவற்றைப் பழுதுபார்ப்பதே என் தொழில்.

பாறையில் உரசிய படகின் அடியில் விரற்கடை வெடிப்புத்தான் வெளியே தெரியும். உள்ளே இழைகளுக்கிடையில் உப்புநீர் ஊறியிருக்கும். உரிமையாளரோ, "பாய், விடிஞ்சா கடலுக்குப் போகணும். மேலாக ஒரு பூச்சுப் பூசிக் கொடுங்க" என்பார். கரையில் கிடக்கும் படகு சோறு போடாது என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் இணங்குவதில்லை. ஈரத்தின்மேலும் எண்ணெய்ப் பிசுக்கின்மேலும் பிசின் பற்றாது. காய்ந்ததும் பளபளக்கும், அலை அறைந்தால் தோலாக உரிந்துவிடும். அவ்வேளையில் கரை கண்ணுக்கெட்டாத் தொலைவில் இருக்கும். படகில் நான்கைந்து உயிர்கள் இருக்கும்.

ஆகவே நன்னீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, வெடிப்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்தெடுக்கிறேன். கால் அங்குலக் கனத்துக்கு மூன்று அங்குலச் சரிவு வேண்டும். பின்னர் இழைத்துணிகளைப் பிசினில் நனைத்து அடுக்கடுக்காகப் பதித்து, உருளையால் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுவேன்.

விரைவில் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவோர் உண்டு. மலிவான பாலியெஸ்டர் பிசினில் வினையூக்கியை ஓரளவு கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபாக்ஸியில் அது நடவாது. இரு பகுதிகளும் ஒன்றோடொன்று பிணைந்தே உறுதியாகின்றன. அளவு மீறினால் மிஞ்சியது பிணையாது நின்று ஒட்டு வலுவிழக்கும். கிண்ணம் நிறையக் கலந்து வைப்பதும் தீங்கே. தானே சூடேறிப் புகைந்து, பூசுமுன்னரே கல்லாகிவிடும்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல்: இவ்வேலை செய்வோரின் உடைகளைப் பிள்ளைகளின் துணிகளோடு ஊறவைக்காதீர்கள். இழைத்தூசு ஒட்டிக்கொண்டு உடலெல்லாம் அரிக்கும். கையில் பட்ட பிசினைத் தின்னரால் துடைப்பதும் கூடாது, சோப்புநீரே போதும்.

இறுகிய எபாக்ஸியை வெயில் சிதைக்கும். ஆதலால் மேலே வண்ணமும் பூசியே அனுப்புகிறேன். இத்தனைக்கும் மூன்று நாள்களேனும் ஆகின்றன. பொறுக்கமாட்டாத சிலர் வேறு கையை நாடிப் போகின்றனர். அவர்களுடைய படகு கடலுக்குள் இறங்கும்போது, அந்த ஒட்டின் மீதே என் கண் செல்கிறது.