மணியின் வானூர்திப் பயணம்

நன்றியறிதல் என்னும் பண்பை விளக்க முற்படும் ஆன்றோர் நாயையே முதற்சான்றாகக் காட்டுவர். யானை போன்றவரின் நட்பை விலக்கி, நாய் போன்றவரின் நட்பைப் பேணுமாறு நாலடியார் அறிவுறுத்துகின்றது. மனிதன்பால் நாய் காட்டும் நன்றியைப் பற்றி நாம் பலவாறு பேசியும் எழுதியும் வருகின்றோம். அந்நாய்க்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடமை யாது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. எங்கள் குடும்பத்தில் அவ்வினா எழுந்தபோது, விடை காண நாங்கள் மேற்கொண்ட முயற்சிகளை மாணவச் செல்வங்களும் பெற்றோரும் தோட்டத்து நண்பர்களும் அறிந்துகொள்வது பயன் தரும் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றேன்.

என் தாயார் கிள்ளானுக்கு அருகில் பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர். தந்தையார் மறைந்த பின்னர் தனித்து வாழ்ந்த அவருக்கு, செம்பனைக் காட்டு வழியில் நனைந்து கிடந்த குட்டி நாயொன்று துணையாயிற்று. அதற்கு மணி எனப் பெயரிட்டார். ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின. சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் தங்கை, முதுமையெய்திய அம்மாவைத் தன்னுடன் வந்து வாழுமாறு அழைத்தாள். நான் பிரிக்பீல்ட்ஸில் நாய் வளர்க்க அனுமதியில்லாத அடுக்குமாடி வீட்டில் வசிப்பவன். எனவே, மணியை யாரிடமேனும் ஒப்படைத்துவிட்டுச் செல்லலாமே என உறவினர் சிலர் கூறினர்.

அம்மா என்னை நோக்கி, “தம்பி, சொர்க்கத்துக்குத் தேர் வந்து நின்றபோதும், கூட வந்த நாயை விட்டுவிட்டு ஏறமாட்டேன் என்றாராம் தருமர். கூச்சிங்குக்குப் போக நான் மணியை விடுவேனா?” என்றார்.

அச்சொல்லில் பழைய வேதனையொன்றும் கலந்திருந்தது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய காலத்தில், நம்மவர் பலர் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நாய்களை உடன் கொண்டு செல்ல அவர்களுக்கு வழியில்லை. ஆளற்ற வாசலில், தம்மை வளர்த்தோர் திரும்பி வருவர் என நாட்கணக்கில் படுத்துக் கிடந்த நாய்களை அம்மா கண்டிருக்கின்றார். மணிக்கும் அந்நிலை வரலாகாது என்பதே அவருடைய உறுதி.

முதலில் மணியைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். “வயது முதிர்ந்த நாய், அம்மா. இதயமும் நுரையீரலும் நன்றாக இருந்தால்தான் அனுப்பலாம்” என்று அவர் தெளிவாகக் கூறினார். இரத்தச் சோதனையின் முடிவு வரும்வரை அம்மாவுக்கு உணவு செல்லவில்லை. மணி பயணத்திற்கு ஏற்ற நலத்துடன் இருப்பதாக மருத்துவர் அறிவித்த பின்னரே அவர் முகம் மலர்ந்தது. சப்பை மூக்குடைய இன நாய்கள் வெப்பத்திலும் அச்சத்திலும் மூச்சுவிட இடர்ப்படும். ஆதலின் விமான நிறுவனங்கள் பல அவற்றை ஏற்பதில்லை. நீண்ட மூக்குடைய நம் நாட்டு நாயாகிய மணிக்கு அக்கவலை இல்லை.

“மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாமா?” என நான் வினவினேன். கூடாது என மருத்துவர் மறுத்தார். அத்தகைய மருந்து இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் தளர்த்தக்கூடும். உடல் நிலைகொள்ளாது சாய்ந்தாலும், வானில் பறக்கும்போது அருகிருந்து காப்பாற்ற எவரும் இலர். மருந்தைவிடப் பழக்கமே நல்ல துணை என அவர் அறிவுறுத்தினார்.

அடுத்து ஆவணங்களைத் திரட்டினோம். சரவாக்கிற்குள் நாயைக் கொண்டு செல்ல அம்மாநிலக் கால்நடை இலாகாவின் அனுமதி வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்றும், உடல்நலச் சான்றும் வேண்டும். ஓர் அரிசிமணி அளவே உள்ள அடையாளச் சில்லு மணியின் தோலுக்கடியில் பொருத்தப்பட்டது. அதில் மின்கலம் இல்லை. படிப்பான் கருவியை அருகில் கொண்டு சென்றால் 15 இலக்க எண்ணொன்றைக் காட்டும்.

இத்துணைக் கட்டுப்பாடுகள் எதற்கு எனச் சிலர் சலிப்புறலாம். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் மனிதன் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் அந்நோய்க்கான தடுப்பூசியை ஒரு சிறுவனுக்குச் செலுத்தி அவனைக் காத்தார். தமிழகத்தில் குன்னூரில் 1907ஆம் ஆண்டில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் இந்நோய் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் பரவி உயிர்களைக் கொண்டது. எனவே, அங்குச் சென்ற பின்னரும் மணிக்குத் தவறாது தடுப்பூசி போட வேண்டும் என்றும், வேலிக்குள்ளேயே வளர்க்க வேண்டும் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

நம் முன்னோரும் இத்தகைய சோதனைகளைக் கடந்தே இம்மண்ணில் கால் வைத்தனர். ‘ராஜுலா’ கப்பலில் வந்திறங்கிய மக்கள், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்க வைக்கப்பட்டதை என் பாட்டியார் கூறக் கேட்டிருக்கின்றேன். “நாம் இருந்த மாதிரிதானே மணியும் சீட்டுக் காட்டிப் போகிறது!” என அம்மா நகைத்தார்.

பின்னர்க் கூண்டு வாங்கினோம். இதற்கு அனைத்துலக வான் போக்குவரத்துச் சங்கம் வகுத்த அளவுமுறை உண்டு. மாணவர்களே, நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை மணியின் நீளம் 60 சென்டிமீட்டர். தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை 26 சென்டிமீட்டர். அதில் பாதி 13. இரண்டையும் கூட்டினால் 73 சென்டிமீட்டர். இதுவே கூண்டின் உள்நீளம். தோளின் அகலம் 17. அதன் இருமடங்காகிய 34 சென்டிமீட்டரே கூண்டின் அகலம். நின்ற நிலையில் காது நுனி வரை 56 சென்டிமீட்டர். அதனுடன் விரிப்பின் கனத்தையும் சேர்க்க வேண்டும். நாய் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடம் இருத்தல் வேண்டும் என்பதே இக்கணக்கின் உட்பொருள்.

ஆறு வாரங்கள் அக்கூண்டு கதவு திறந்தபடி அம்மாவின் வீட்டுக் கூடத்தில் இருந்தது. முதல் மூன்று நாள் மணி அதன் பக்கம் தலை வைத்தும் பார்க்கவில்லை. அம்மா தம் பழைய கைலியை உள்ளே விரித்தார். உணவுத் தட்டையும் உள்ளே வைத்தார். சிறிது சிறிதாக அது மணியின் படுக்கையறையாயிற்று. கதவைச் சில நிமிடங்கள் சாத்திப் பழக்கினோம். பின்னர் ஒரு மணி, இரண்டு மணி என நேரத்தைக் கூட்டினோம்.

வெயில் ஏறுமுன் புறப்படும் அதிகாலை விமானத்தைத் தெரிவு செய்தோம். நாங்கள் நாடிய நிறுவனம் நாய்களைச் சரக்கறையில் மட்டுமே ஏற்றும். விலங்குகளை ஏற்றும் அவ்வறையிலும் பயணியர் பகுதியைப் போலவே காற்றழுத்தம் பேணப்படுகின்றது. வெப்பமும் சீராக வைக்கப்படுகின்றது. அங்கு உயிருள்ள விலங்கு இருப்பது விமானத் தலைவருக்கும் தெரிவிக்கப்படும். முதல்நாள் இரவு மணிக்குச் சிறிதளவே உணவு கொடுத்தோம், நீருக்குத் தடையில்லை. கூண்டின்மேல் “உயிருள்ள விலங்கு” என்னும் ஒட்டுத்தாளும், மேற்புறத்தைக் காட்டும் அம்புக்குறியும், தங்கையின் முகவரியும் ஒட்டப்பட்டன.

சிப்பாங் விமான நிலையத்தில் கூண்டை ஒப்படைக்கும்போது மணி குரைக்கவில்லை, அம்மாவையே பார்த்தது. தென்சீனக் கடலுக்கு மேலே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் பறந்தோம். வானூர்தியில் அதுவரை ஏறியறியாத அம்மா சன்னல் வழியே மேகத்தைக் காணவில்லை. கால்களின் கீழிருந்த தளத்தையே நோக்கியிருந்தார். கூச்சிங்கில் தாள்களைச் சரிபார்த்துக் கூண்டைத் திறந்தபோது, மணி வெளியே வந்து உடலை உதறிக்கொண்டு, முதலில் அம்மாவின் பாதங்களை முகர்ந்தது. கைலி கசங்கியிருந்ததேயன்றிக் கிழியவில்லை.

பயணச்செலவை அம்மா தம் சேமிப்பிலிருந்தே கொடுத்தார். ஒரு நாய்க்கு இவ்வளவா என வினவியோரும் உண்டு. பெற்றோர்களே, எல்லா வீட்டாராலும் இது இயலாது என்பதை நான் அறிவேன். ஒரு குட்டியை வீட்டிற்குள் கொண்டுவரும் அன்றே, நாளை நாம் இடம்பெயர நேர்ந்தால் இதன் கதி என்ன என்று ஒருமுறை எண்ணுவது எவராலும் இயலும். அழைத்துச் செல்ல இயலாதெனின், அன்புடையோர் ஒருவரை முன்கூட்டியே தேடி, அவரிடம் பழக்கிய பின்னர் ஒப்படைக்கலாம். வெறும் வாசலில் விட்டுச் செல்லுதல் மட்டும் ஆகாது. மாணவச் செல்வங்களே, வாயில்லா உயிர் தன் துயரை எடுத்துரைக்க அறியாது. அதற்காகப் பேசும் பொறுப்பு உங்களைச் சார்ந்தது.