மேலே கோட்டு, கீழே வேட்டி

சில சொற்கள் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கும். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் வம்பு தொடங்கும். 'கில்ட்' அப்படி ஒரு சொல். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற, பின்பக்கம் கொசுவம் வைத்த, முழங்கால் வரை தொங்கும் கட்டம் போட்ட கம்பளித் துணி அது. பாவாடை என்று எழுதினால் வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வேட்டி என்று எழுதினால் ஸ்காட்லாந்துக்காரரும் ஒப்பமாட்டார், நம்மவரும் ஒப்பமாட்டார். எம்.ஏ.வில் படித்த கலிங்கம், துகில், அறுவை எதுவும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் கில்ட் என்றே எழுதினேன்.

மொழிபெயர்க்க வேண்டியிருந்தது ஒரு கல்யாணப் புகைப்படத்தின் குறிப்பு. மணமகளின் அண்ணன் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் சிப்பாய். மேலே பித்தளைப் பொத்தான்களும் பதக்கங்களும் மின்னும் ராணுவக் கோட்டு. கீழே கில்ட். முன்னால் தொங்கும் தோல் பை, முழங்கால் வரை காலுறை. பட்டாளத்துக்காரராகவும் ஊர்க்காரராகவும் ஒரே உடையில் நின்றுகொண்டிருந்தார். தங்கையின் கல்யாணத்துக்கு எதை உடுத்துவது என்று அவர் யோசித்திருக்கவே வேண்டியதில்லை.

அடுத்த மாதமே பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அங்கே இதையே ஒரு வாரம் யோசித்தார்கள்.

மர்பி டவுன் அல்சூரை ஒட்டிய பகுதி. ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டை. பிறகு மர்பி என்ற பொறியாளரின் பெயரை ஏற்றது. சின்னச் சின்ன வீடுகள், நெருக்கமான தெருக்கள், காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். பக்கத்திலேயே அல்சூர் ஏரி, அதை ஒட்டி 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்று ஊர் அழைக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் தலைமையகம். பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவது இவர்கள் வேலை. ராணுவத்தில் இவர்களுக்கு 'தம்பி' என்று செல்லப் பெயர். வட ஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த பல குடும்பங்களைப் போல எங்கள் குடும்பத்திலும் தலைமுறைக்கு ஒருவர் தம்பியாகியிருக்கிறார்கள். என் தாத்தா போனார். இப்போது அண்ணன் மகன் ஹவில்தார்.

கல்யாணம் அவனுடைய தங்கைக்கு. மணமேடையில் பொரி இட வேண்டியவன் அவன். மணப்பெண் எல்லா அண்ணன் தம்பிகளுக்கும் ஒரே கரை வைத்த பட்டு வேட்டி எடுத்திருந்தாள். எண்பது வயதான என் பெரிய அத்தை மட்டும், "அவன் உடுப்போடதான் வரணும்" என்று பிடிவாதமாக இருந்தார். வழக்கமாகப் பெரியவர்கள் வேட்டி என்பார்கள், இளையவர்கள் வேறு ஏதாவது சொல்வார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். நடுவில் மாட்டிக்கொண்டவன் என்னிடம் வந்து, "மேலே உடுப்புக் கோட்டு, கீழே பட்டு வேட்டின்னு போய்டட்டுமா சித்தப்பா? ரெண்டு பேர் வாயும் அடைஞ்சிடும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். சீருடையோடு சொந்தத் துணியைக் கலக்கக் கூடாது என்பது எந்த ராணுவத்திலும் பாலபாடம். அவனுக்கு நான் அந்தப் புகைப்படத்தைக் காட்டினேன். "இவன் மட்டும் எப்படி?" என்றான்.

நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்துக்காரர் கோட்டுக்குக் கீழே சொந்தத் துணியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருடைய படைப்பிரிவில் கில்ட்டே சீருடையின் பகுதி. ஸ்காட்லாந்துப் பூர்வீகம் உள்ள அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் தன் ராணுவக் கோட்டுக்குக் கீழே கில்ட் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால், அது அவருக்கும் விதிமீறல்தான். பட்டாளம் எதை ஏற்றுக்கொண்டதோ அதுதான் சீருடை. அப்படியென்றால் ஒரு நாட்டுப்புறத் துணியைப் பட்டாளம் ஏன் ஏற்றுக்கொண்டது, இன்னொன்றை ஏன் ஏற்கவில்லை?

கில்ட்டின் ஆரம்பம் நம் வேட்டியைப் போலத்தான். தைக்காத நாலைந்து கஜக் கம்பளி. அதைக் கொசுவி இடுப்பில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அதுவே போர்வை. மலைநாட்டு ஏழைகளின் உடை என்று சமவெளிக்காரர்கள் அதை ஏளனம் செய்தார்கள். தோள் பகுதியை விட்டுவிட்டு இடுப்புத் துணியை மட்டும் கட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. 1746-இல் கல்லோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சி நசுக்கப்பட்டதும் லண்டன் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு உடை உடுத்தினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடு கடத்தல். சட்டம் 1782 வரை இருந்தது. ஆனால் அதில் ஒரு விலக்கு. பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்தவன் கில்ட் கட்டலாம்.

அதாவது, சொந்த உடையை உடுத்த வேண்டுமானால் அதைத் தடை செய்தவனுடைய பட்டாளத்தில் சேர வேண்டும். கில்ட் பிழைத்த வழிகளில் ஒன்று இது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவுக்குக் கில்ட் அணிந்து வந்தார். அந்த வரவேற்பை முன்னின்று நடத்தியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அதற்குப் பிறகு கனவான்களும் போட்டி போட்டுக்கொண்டு கட்டத் தொடங்கினார்கள். இன்ன குலத்துக்கு இன்ன கட்டம் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அதையொட்டி உருவானவைதான். பட்டாளத்திலும் அதன் இடம் எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. ஸ்காட்லாந்துக்கு வெளியே ஆள் சேர்க்க இடைஞ்சல் என்று 1809-இல் பல மலைநாட்டுப் படைப்பிரிவுகளிடமிருந்து கில்ட் பறிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் போர்க்களத்திலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அணிவகுப்புக்கும் விழாவுக்கும் மட்டும் தங்கியது. 2006-இல் பழைய படைப்பிரிவுகளை இணைத்து 'ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஸ்காட்லாந்து' அமைத்தபோதும் கில்ட்டை விடவில்லை.

இந்தக் கதை நம் கதையை ஓரிடத்தில் உரசிக்கொண்டு போகிறது. 1780-இல் 73-ஆவது மலைநாட்டுப் படைப்பிரிவு சென்னையில் வந்து இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் படை ஆங்கிலேயரை நொறுக்கியபோது அந்தப் பிரிவினர் சிலரும் களத்தில் இருந்தார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்று இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. இன்றைய சாப்பர்ஸின் பிறந்த நாள் அது. இரண்டு ஏழை நாட்டு ஆட்கள், ஒரே கம்பெனியின் போர்கள். ஒருவனுடைய ஊர்த்துணி பட்டாளத்தில் கௌரவமானது. மற்றவனுக்கு மேலே சிவப்புக் கோட்டு கொடுத்து, கீழே தொடையோடு நிற்கிற வெள்ளை ஜங்கியாவை மாட்டினார்கள்.

நம் சிப்பாயின் உடையில் கை வைத்தபோது என்ன நடந்தது என்பது வேலூர்க் கோட்டைக்குத் தெரியும். நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தொப்பியைப் போலிருந்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மகன்கள் மீதான பற்று உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் திரி பற்றியது உடையில். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களும் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களும் செத்தார்கள். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கவர்னர் பென்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் பதவி இழந்து ஊர் திரும்பினார்கள்.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப நம்ம வேட்டிக்கும் ஒரு வால்டர் ஸ்காட் இருந்திருந்தா நானும் இப்படி நின்னிருப்பேன்" என்றான். எனக்கும் முதலில் அந்த ஏக்கம்தான் வந்தது. வேட்டிக்கு இடமில்லாத இடங்கள் சுதந்திர இந்தியாவில் குறைவா என்ன? 2014 ஜூலையில் வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் விடப்படவில்லை. அடுத்த மாதமே வேட்டியைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று தமிழக சட்டமன்றம் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் எங்கள் பெங்களூரிலேயே மாகடி சாலை மால் ஒன்றில் பஞ்சகச்சம் கட்டிய முதிய விவசாயியை வாசலில் நிறுத்தினார்கள். கர்நாடக அரசு ஒரு வாரம் அந்த மாலை மூடச் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் கடற்படை தன் மெஸ்களில் இந்திய உடையை அனுமதித்தது. அந்த உத்தரவு பேசியது குர்தா பைஜாமாவைப் பற்றி.

பெரிய அத்தையிடம் இந்த ஏக்கம் கொஞ்சமும் இல்லை. அவருக்கு வேட்டி என்பது வேறு ஞாபகம்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் 'இந்தியாவில் சாதி' பற்றிய தன் ஆங்கில நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் பட்டியல் இன்னும் நீண்டது. கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. எல்லா ஜில்லாவிலும் இப்படிப் பட்டியல் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சாப்பர்ஸ் பிரிவு 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பறையர்களையும் கிறிஸ்தவர்களையும் பெருமளவில் எடுத்துக்கொண்ட பிரிவு. தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் முடிவுகட்டி மெட்ராஸ் காலாட்படையைச் சுருக்கியபோதும் சாப்பர்ஸ் தப்பியது. அவர்களுடைய வேலைத் திறமை அப்படி. சேரியிலிருந்து போனவனுக்குப் பட்டாளம் சம்பளத்தோடு ஒரு சட்டை, முழுக்கால் சராய், காலில் பூட்ஸ் கொடுத்தது. பட்டியலில் விலக்கப்பட்ட அத்தனையையும் சர்க்காரே கொடுத்து, போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவும் போட்டது.

தாத்தா விடுப்பில் ஊருக்குப் போனபோது ஒரு கல்யாணத்துக்கு உடுப்போடு போயிருக்கிறார். அதுவரை எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்க நடந்திருக்கிறார். திண்ணையில் இருந்தவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அத்தை அப்போது சிறுமி, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனவர். "வேட்டி கட்டியிருந்தா முழங்காலுக்கு மேல தூக்கிக் கட்டச் சொல்லியிருப்பான். சராயை எப்படித் தூக்கச் சொல்லுவான்?" என்று கேட்டார்.

எனக்கு அதற்குப் பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மலைநாட்டானுக்குப் பட்டாளம் அவன் உடையைக் காப்பாற்றிக் கொடுத்தது. எங்களுக்குப் பட்டாளம் செய்த உபகாரம், சாதி அளந்து வைத்திருந்த உடையிலிருந்து வெளியே வர ஒரு வழி. சீருடையில் தமிழ் அடையாளம் இல்லை என்று நான் வருத்தப்படலாம். அந்தத் தெருவில் தாத்தாவுக்கு வேண்டியிருந்தது அடையாளமே தெரியாத ஓர் உடை. வேட்டி தமிழர் எல்லோருடைய பொதுச்சொத்து என்று இன்று மேடையில் முழங்குகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சொத்தில் முழுப் பங்கு கிடைத்துப் பல காலம் ஆகிவிடவில்லை.

இதைப் புரிந்துகொண்டவன் அண்ணன் மகன்தான். சமாதானம் செய்ய யாரும் வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் இரவு மாப்பிள்ளை அழைப்பில், அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்த சீருடையில், பதக்கங்களோடு பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் மர்பி டவுன் தெருவில் நடந்தான். அத்தை நாற்காலியைத் தெருவோரம் போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலை மணமேடைக்குச் செருப்பில்லாமல் ஏற வேண்டும். வெறுங்காலோடு சீருடையில் நிற்பது முறையில்லை என்று அவனே தங்கை எடுத்த பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டான்.

பொரித் தட்டை வாங்கப் போனவனை அத்தை கூப்பிட்டு நிறுத்தினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் போல வேட்டியைக் கொஞ்சம் ஏற்றித்தான் கட்டியிருந்தான். முட்டி வலியோடு குனிந்து கரையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, "கரண்டை மறையக் கட்டுடா" என்றார்.